பார்த்தசாரதி சார் வண்டிக்கடியில் விரித்த அட்டை

பார்த்தசாரதி சார் வாழ்க்கையில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. கோவில்பதாகையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் இது தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அவரே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாரே.

இருபத்திரண்டு வயதில் கும்பகோணத்துப் பக்கமிருந்து ஆவடிக்கு வந்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பரிசோதகராகச் சேர்ந்தவர். முப்பத்தாறு வருஷம் அதே வேலை. மற்றவன் செய்ததைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இது ஆகாது" என்று தள்ளி வைக்க வேண்டும். அதற்குச் சம்பளம், குவார்ட்டர்ஸ், போனஸ் எல்லாம் கொடுத்தார்கள். ரிடையர் ஆன அன்று கழுத்தில் போட்ட மாலையில் ரெண்டு பூ வாடியிருந்ததைச் சுட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

ரிடையர் ஆனால் மட்டும் பழக்கம் விட்டுவிடுமா? கோவில்பதாகையில் சொந்த வீடு கட்டிக் குடிவந்ததும் பால்காரரை நிராகரித்தார், இஸ்திரிக்காரரை நிராகரித்தார், மகள் கவிப்பிரியாவுக்கு வந்த நாலு மாப்பிள்ளைகளை நிராகரித்தார். ஐந்தாவது ஆளை அவளே பார்த்துக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். அந்த மாப்பிள்ளை பரிசோதனைக்கே வரவில்லை. மனைவி பத்மா முப்பத்தெட்டு வருஷமாகச் சாம்பார் வைக்கிறார். உப்பு சரியாக இருந்ததாக இதுவரை தகவல் இல்லை.

வீட்டு வாசலில் ஒரு ஏழு சீட்டு வண்டி நிற்கும். ஜீப் மாதிரி உயரமான பழைய வண்டி. இந்தக் காலத்துக் கார்களில் எஞ்சின் முன்சக்கரத்தை இழுக்கும். இது பின்சக்கரத்தைத் தள்ளுகிற ஜாதி. எஞ்சினிலிருந்து ஒரு நீளத் தண்டு பின்னால் போகும். பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை தொங்கும், அதற்குள் போய்ச் சேரும். அந்த உருண்டைக்கு மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். உள்ளே பல்சக்கரமும், அது முங்கிக் கிடக்கப் பாகு மாதிரிக் கெட்டியான எண்ணெயும் இருக்கும்.

சார் அந்த வண்டியை வைத்துக்கொண்ட அழகே தனி. தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாலேயே மெஷினையெல்லாம் துடைத்து, பெயிண்ட் அடித்து, புதுப்பொண்ணு மாதிரி நிறுத்துவார்கள். அந்த வழக்கத்தை சார் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வருஷா வருஷம் அரிவாள்மணைக்குப் பெயிண்ட், தண்ணீர் மோட்டாருக்குப் பெயிண்ட், கேட்டுக்குப் பெயிண்ட். வண்டிக்கு அடியில் கோணி விரித்துப் படுத்து, கிரவுன் உருண்டை, அதன் ரெண்டு பக்கக் குழாய், மேலே கீழே என்று ஒரு இடம் விடாமல் பிரஷ் போடுவார். பத்மா பக்கத்தில் குந்திக்கொண்டு டப்பாவைப் பிடித்திருக்க வேண்டும். போன ஆயுத பூஜைக்கு அடித்தது வெள்ளி பெயிண்ட். வண்டியின் வயிறு கோயில் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டில் படுக்க வேண்டும், அது வேற விஷயம்.

பூஜை முடிந்து பத்து நாளில் வாசல் சிமெண்டில் ஒரு கறுப்புச் சொட்டு தெரிந்தது.

ஆஹா! சாருக்கு உடம்பில் பத்து வயசு குறைந்துவிட்டது. நிராகரிக்க ஒன்று கிடைத்துவிட்டதே! ஒரு பெரிய வெள்ளை அட்டையை வாங்கி வண்டிக்கடியில் விரித்தார். தினம் காலையில் குனிந்து பார்த்து, விழுந்த சொட்டைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி போட்டார். ஒரு அட்டை நிறைந்ததும் அடுத்த அட்டை. பத்மா பூஜை அறையில் விளக்கேற்றும் நேரமும் சார் அட்டையைப் பார்க்கும் நேரமும் ஒன்றாகிவிட்டது.

வண்டியை வெள்ளானூர் ரோட்டில் இருக்கிற தேவாவிடம் கொண்டுபோனார். தேவா பாடியில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் கை கறுத்து, அப்புறம் துணிந்து சொந்தமாகத் தகர ஷெட் போட்டவன். மனைவி யுவராணி பேரில் போர்டு மாட்டியிருந்தான். நாலு வருஷமாகத்தான் சொந்தக் காலில் நிற்கிறான். அதுவும் கோவில்பதாகையில் ரிடையர் ஆனவர்களின் கார்களை நம்பித்தான்.

தேவா அடியில் படுத்துப் பார்த்தான்.

"கிரவுன் ஆயில் சார். தண்டு உள்ள போற எடத்துல ஆயில் வெளிய வராம புடிக்கிற ரப்பர் வளையம், பினியன் சீல், போயிட்டு கீது. மாத்திட்டா சரியாப்பூடும்."

மாற்றினான். சார் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேவா போல்ட்டைப் பிடித்த கோணம் சரியில்லை என்று ரெண்டு தடவை சொன்னார். அடுத்த சனிக்கிழமை திருவள்ளூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் அட்டையில் ஏழு சொட்டு.

திரும்பவும் தேவாவிடம் போனார்கள். இந்தத் தடவை அவன் புது சீலைக் கழற்றிவிட்டு இன்னொரு புது சீல் போட்டான், பின்பக்க மூடியின் பேக்கிங்கையும் மாற்றினான். அடுத்த திருவள்ளூர் பயணம் முடிந்து பார்த்தால் பினியன் பக்கமும் சொட்டு, மூடிப் பக்கமும் சொட்டு, இடது சக்கரத்து உள்பக்கத்திலும் ஈரம். ஒரு இடத்தில் வந்தது மூன்று இடமாகிவிட்டது. ரிப்பேர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

சார் சும்மா இருப்பாரா? நகர் நலச்சங்கத்துக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. காலை வணக்கமும் மூட்டுவலி வைத்தியமும் ஓடிக்கொண்டிருந்த குழு. அதில் அட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டார். கீழே எழுதினார்: "வெள்ளானூர் தேவாவின் வேலை. இரண்டாம் முறை. வண்டி வைத்திருக்கும் அன்பர்களின் கவனத்துக்கு."

அன்பர்கள் கவனித்தார்கள். கவனிப்பதைத் தவிர அவர்களுக்கும் வேறு வேலை இல்லையே. தேவாவிடம் பதினோரு கார் வந்துகொண்டிருந்த இடத்தில், மார்கழி பிறப்பதற்குள் ஐந்துதான் வந்தது. மீதி ஆறு பேரும் ஆவடிப் பக்கம் வேறு மெக்கானிக் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, டிரைவர்தான் ஓட்டுவார். அவர்தான் தேவாவின் வேலையில் தரம் இல்லை என்று அதிகமாகப் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவாவே சார் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நின்றான்.

"சார், இன்னும் ஒரே ஒரு தபா என்கிட்ட குடுங்க. துட்டு வாணாம். இதுல நான் கண்டுபுடிக்கலன்னா போர்ட கயட்டிட்டு பாடிக்கே வேலைக்குப் பூடறேன். பழைய மொதலாளி கூப்டுகினுதான் கீறாரு. நாலு வருசம் நானா நின்னேன் சார், ஒரு சொட்டு எண்ணெயில போவுதேன்னுதான் வவுறு எரியுது."

"தரம்னு ஒண்ணு இருக்குப்பா, அதுல நான் சமரசம் பண்ணிக்கமாட்டேன்," என்றார் சார். ஆனாலும் சரியென்று ஒத்துக்கொண்டார். அவன் மூன்றாவது தடவையும் தோற்பதை நேரில் பார்க்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்குமா? நடுநிலைச் சாட்சிக்கு நலச்சங்கச் செயலாளர் ஜஸ்டினையும் கூட்டிக்கொண்டார். மறக்காமல் அட்டைகளையும் எடுத்துக்கொண்டார், மொத்தம் ஒன்பது.

ஷெட்டில் தேவா ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினான். சார் எழுதிய தேதிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனான்.

"சார், இந்த நாலு நாளு சொட்டே இல்லியே?"

"அப்ப வண்டியை எடுக்கலை. மழை."

"இங்க பதிமூணு சொட்டு கீதே?"

"திருவள்ளூர் போய்ட்டு வந்தோம்."

தேவா தலையைச் சொறிந்தான். "சீல் போயிருந்தா நின்னுகினு இருந்தாலும் கசியணும் சார். இது ஓடி சூடானாத்தான் வருது. அதுவும் மூணு பக்கம். ஒரே நேரத்துல மூணு சீலா போவும்? உள்ள இருந்து எதுவோ தள்ளுது."

மூன்று மாதமாக வட்டம் போட்டவருக்கு அந்த அட்டை சொன்னது காதில் விழவில்லை. வட்டம் மட்டும் காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி இருந்தது.

வண்டியை எடுத்துத் திருநின்றவூர் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தார்கள். சூடு ஆறுவதற்குள் தேவா அடியில் புகுந்தான். சாரும் விடவில்லை, பக்கத்தில் கோணி விரித்துப் படுத்துக்கொண்டார். ஜஸ்டினுக்குத் தொந்தி இருந்ததால் வெளியே நின்றார். தேவா எண்ணெய் ஊற்றுகிற துளையின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினான்.

புஸ்ஸ்ஸென்று காற்று சீறியது. கூடவே சூடான எண்ணெய் அவன் முழங்கையில் தெறித்தது.

"அடச்சே! காத்து சார், காத்து!" தேவாவின் குரல் துள்ளியது. "ஓடச்சொல்ல உள்ள சூட்டுல காத்து உப்பும் சார். அது வெளிய போவ மேல ஒரு மூச்சுக்குழா வெச்சிருப்பான், பிரீதர். அது அடச்சுகினா காத்து எங்க போவும்? சீல பொளந்துகினு ஆயில தள்ளும். அய்ய, இத நான் மொத நாளே பாத்திருக்கணும் சார். என் மேலயும் தப்பு கீது."

சக்கரத்துக்குப் போகிற குழாயின் மேல்பக்கம், கீழிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையை விட்டுத் தடவினான். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மூடி. தொட்டால் லொடலொடவென்று ஆட வேண்டிய மூடி, போல்ட்டுத் தலை மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். அவன் முகத்தில் செதில் செதிலாக என்னவோ கொட்டியது. வெள்ளி நிறம். இன்னும் சுரண்டினான். வெள்ளிக்கு அடியில் கறுப்பு, கறுப்புக்கு அடியில் பச்சை.

வெள்ளி போன ஆயுத பூஜைக்கு, கறுப்பு அதற்கு முந்தினதுக்கு, பச்சை அதற்கும் முந்தினதுக்கு. சாருக்கு அதன் தேதியெல்லாம் நினைவிருந்தது. மூன்று வருஷம் பக்தியோடு பூசிப் பூசி, வண்டியின் மூக்கை அவரே அடைத்திருக்கிறார். முதல் ரெண்டு கோட்டுக்கு அது எப்படியோ சந்தில் மூச்சு விட்டிருக்கிறது, மூன்றாவது கோட்டில் சுத்தம்.

தேவா கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ரெண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. அவன் புருவத்தில், மீசையில் எல்லாம் வெள்ளிச் செதில். அடைத்தது யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது கண்ணிலேயே தெரிந்தது. முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, தலைக்குமேல் தொங்கின கத்தி விலகியவனின் சிரிப்பு.

"என்னப்பா, கிடைச்சுதா?" என்று வெளியிலிருந்து ஜஸ்டின் கேட்டார். "என்னவாம்?"

"சாரே சொல்லுவாரு," என்றான் தேவா.

பார்த்தசாரதி சார் தேவாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"மண்ணு," என்றார். "மண்ணு அடைச்சிருக்கு."

தேவாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் சார் சொன்னதை மறுக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, கம்பி விட்டுக் குத்தி, காற்று போய் வருகிறதா என்று வாயால் ஊதிப் பார்த்து, திரும்ப மாட்டினான். ஆயில் அளவு பார்த்து ஊற்றினான், சக்கரத்துப் பிரேக்கைத் துடைத்தான். இன்னொரு தடவை திருநின்றவூர் போய் வந்தார்கள். சீலெல்லாம் உலர்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

ஜஸ்டின் நல்லவர், ஆனால் நியாயஸ்தர். நியாயஸ்தர்களிடம் பொய்த்தகவல் கிடைத்தால் என்ன ஆகுமோ அது ஆனது. "ஏம்ப்பா, மூணு மாசமா இந்த மண்ணையா நீ பார்க்கலை?" என்று தேவாவைக் கேட்டுவிட்டு, குழுவில் உடனே செய்தி போட்டார்: "மெக்கானிக் கவனிக்காத மண் அடைப்பு. பார்த்தசாரதி சார் கூடவே படுத்து இருந்து கண்டுபிடிக்க வைத்தார்." முப்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருத்தர் பூங்கொத்துப் படம் அனுப்பினார். சார் "கடமை" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டார். எவ்வளவு அடக்கம் பாருங்கள்!

மண்ணைக்கூடப் பார்க்கத் தெரியாத மெக்கானிக்கிடம் யார் போவார்கள்? மிச்சமிருந்த ஐந்தில் நாலு காரும் அந்த வாரமே நின்றது.

புதன்கிழமை காய்கறி வாங்கப் போன பத்மா, பை நிறையாமல் திரும்பி வந்தார். வழியில் யுவராணியைப் பார்த்திருக்கிறார். தை ஒண்ணாம் தேதியிலிருந்து தேவா பாடிக்குப் போகிறான், ஷெட்டைக் காலி செய்கிறார்கள் என்று அவள் ரோட்டிலேயே அழுதிருக்கிறாள். சார் கூடத்தில் பேப்பரில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த வண்டியில அடைச்சிருந்தது என்ன?"

"மண்ணு. அன்னிக்கே சொன்னேனே."

"மண்ணா?" பத்மா பையைத் தொப்பென்று போட்டார். "வெள்ளிக் கலர் மண்ணா? அந்தப் பிள்ளை வாயைத் திறக்கலை. அவன் பொண்டாட்டி சொல்லுறா, தலைக்குக் குளிச்சாலும் அவர் மீசையில வெள்ளிப் பெயிண்ட் போகலைன்னு. வருஷா வருஷம் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தது நானுங்க! எனக்கா தெரியாது?"

"பத்மா, அது டெக்னிக்கலா..."

"டெக்னிக்கலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் சாம்பாரைக் குறை சொன்னீங்க, சரி, சாப்பிட்டுட்டுத்தானே சொல்றாருன்னு விட்டேன். பெத்த பொண்ணு சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, உங்க சுபாவம் அப்படின்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். இன்னிக்கு ஒருத்தன் பொழைப்பைக் கெடுத்துட்டுப் பூங்கொத்து வாங்குறீங்களே, எனக்கு வெக்கமா இருக்குங்க. உங்ககூட ரோட்டுல நடந்து போகவே வெக்கமா இருக்கு." பத்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஞாயித்துக்கிழமை சங்கத்து மீட்டிங். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சார் அன்று சாப்பிடவில்லை. அடுத்த ரெண்டு நாளும் சாம்பாரைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை. படுத்தால் வெள்ளிச் செதில் ஒட்டின தேவாவின் மூஞ்சி வந்து நின்றது. முப்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரின் வேலையைத் தள்ளியிருக்கிறார், அவர்கள் மூஞ்சி ஒன்றும் இப்படி வந்ததில்லை. பயமாக இருந்தது. தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. அவருக்கு அது பழக்கமில்லாத உணர்ச்சி, முதலில் வாய்வுத் தொல்லை என்றுதான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் தெருவிளக்கு, கொசு மருந்து எல்லாம் முடிந்ததும் எழுந்தார்.

"தேவா மேல தப்பில்லை. அந்த அடைப்பு மண்ணு இல்லை, பெயிண்ட். நான் அடிச்ச பெயிண்ட். கீழ படுத்திருக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்."

பின்வரிசையில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். ஜஸ்டின் செல்போனை எடுத்து, சார் சொன்னதை அப்படியே குழுவில் எழுதினார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஆனால் மறுநாளே மூன்று கார் வெள்ளானூர் ரோட்டுக்குப் போனது. அந்த வாரம் முடிவதற்குள் எட்டு. தேவா பாடிக்குப் போகவில்லை.

பொங்கல் கழிந்ததும் சார் வண்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. நாற்காலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் உட்காராமல் நின்றார். தேவா ஒரு காருக்கடியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"வாங்க சார். மீட்டிங்ல பேசினீங்களாம், ஜஸ்டின் சார் சொன்னாரு. பத்மா அம்மாவுக்கும் ரொம்ப நன்றின்னு சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குப்பா. ஆயில் மாத்தணும்."

"மாத்திக்கலாம் சார். ஆவடி ஸ்டேஷனாண்ட ரெண்டு பேரு கீறாங்க, நல்லா செய்வாங்க."

சாருக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. "ஏன், நீ செய்யமாட்டியா? அதான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேனே தேவா."

"ஒத்துகினீங்க சார். இல்லன்னு சொல்லல. அதுக்கு எவ்ளோ மனசு வேணும்னு எனக்கும் தெரியும்." தேவா குரலை உயர்த்தவில்லை. "ஆனா அன்னிக்கு பக்கத்து பக்கத்துல படுத்துகினு, என் மூஞ்சியில உங்க பெயிண்டு கொட்டிக் கெடக்கச்சொல்ல, அதப் பாத்துகினே மண்ணுன்னீங்க. உங்க வண்டிக்கடியில இனிமே என்னால படுக்க முடியாது சார்."

அவன் திரும்பிப் போய் அந்தக் காருக்கடியிலேயே புகுந்துகொண்டான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. சார் கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்தார்.